மணமுறிவும் மகப்பேறும்: நகரத்தின் மீது சுமத்தப்பட்ட பழி

அண்மையில் மாணவர் மன்றத்து விவாத அரங்கொன்றுக்கு நடுவராக அமரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மணமுறிவு பெருகுவதற்கும் மகப்பேறு குறைவதற்கும் நகர நாகரிகமே காரணமாகும் என்பது விவாதப் பொருள். ஆதரித்துப் பேசிய மாணவர் கொழும்பைச் சாடினர். எதிர்த்துப் பேசியவரோ, குற்றம் கொழும்போடு நின்றுவிடவில்லை, கிராமத்தையும் அந்நோய் பற்றிக்கொண்டுவிட்டது என்று வாதாடினர். இரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டு நின்றமை நமக்கு வியப்பளித்தது. பண்டைக் கிராமத்தில் திருமணம் என்பது சாவு வரை கலையாத கட்டு; வீடு நிறையப் பிள்ளைகள்; நகரம் வந்தது, கட்டு அவிழ்ந்தது, தொட்டில் வெறுமையாயிற்று. இதுவே இரு சாராரினதும் வரலாறு.

இவ்வரலாற்றை மாணவர் தாமாகப் புனையவில்லை. மணவறை வாழ்த்துரைகளிலும் பத்திரிகைகளின் ஞாயிறு மலர்களிலும் பெரியோர் கூறுவதையே அவர்கள் திருப்பிக் கூறினர். 2019இல் மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்த நாட்டின் பிறப்புத் தொகை 2023இல் இரண்டரை இலட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டதன் பின்னர் இப்பேச்சு இன்னும் உரத்து எழுகிறது. 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்ததையும், அதனால் இளைஞர் கூட்டங் கூட்டமாகக் கடல் கடந்ததையும் விட்டுவிட்டு, படித்த பெண்ணின் பிடிவாதத்தையும் மணமுறிவு வழக்குகளையும் காரணமாகக் காட்டுவோர் உளர். ஆதலால் இக்கதை மெய்தானா என்று வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது வீண் வேலையாகாது.

கண்டி இராச்சியத்திலிருந்து தொடங்குவோம். 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டு, 1679இல் தப்பிச் செல்லும் வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்தவன் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய மாலுமி. 1681இல் இலண்டனில் வெளியான அவனது நூல் அக்காலக் கிராம வாழ்வுக்கு நேரிற் கண்ட சான்று. அங்கே ஆணும் பெண்ணும் நாலைந்து தடவை மணந்து பார்த்த பின்னரே மனத்துக்கு ஒத்த துணையோடு நிலைபெறுவர் என்று அவன் எழுதுகிறான். பிரியும்போது ஆண் பிள்ளைகள் தகப்பனுக்கும் பெண் பிள்ளைகள் தாய்க்கும் என்பது வழமையாம். கிறித்தவக் கண்ணாற் பார்த்தமையால் அவன் முகஞ் சுளித்திருக்கலாம். ஆயின் அவன் வருணிப்பது இலண்டன் மாநகரை அன்று. சாலையும் சந்தையும் அருகிய, நெல்லும் குரக்கனும் விளைத்த கிராமங்களை. மணமுறிவு நகரத்திற் பிறந்தது என்போர் இந்த ஒரு சான்றுக்கேனும் விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

இவ்வழமைக்கு அடிப்படை யாது? ஒழுக்கத் தளர்ச்சி என்று கூறுவது எளிது. உண்மை காணியிலே கிடக்கிறது. கண்டியச் சிங்கள மக்களிடையே இருவகைத் திருமணங்கள் வழங்கின. பெண் கணவன் வீடு சென்று வாழ்வது தீக விவாகம். ஆண் மனைவியின் பிறந்தகம் வந்து வாழ்வது பின்ன விவாகம். தீகம் சென்ற பெண் பெற்றோரின் பரம்பரைக் காணியிற் பங்கை இழந்தாள். வீடு திரும்பி மீண்டும் பின்னமாக மணந்தால் அவ்வுரிமையைத் திரும்பப் பெறவும் வழி இருந்தது. பின்னக் கணவனின் நிலையோ வேறு. வயல் மனைவியுடையது, அவன் உழைக்க வந்தவன். ஊன்றுகோல், தாளிப்பனை ஓலைக் குடை, சூள் ஆகிய மூன்றையும் வாசலில் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும், எந்நேரத்தில் வெளியேறச் சொன்னாலும் மழையோ இருளோ சாட்டாகாதிருக்க, என்று அவனைப்பற்றிய ஒரு கேலிக் கூற்றுப் பழைய நூல்களிற் காணப்படுகிறது. சகோதரர் பலர் ஒரு பெண்ணை மணக்கும் வழக்கமும் ஆங்காங்கு இருந்தது. துண்டு துண்டாகிப் பயனற்றுப்போகும் வயலை ஒருமித்துப் பேணும் வழிகளில் அதுவும் ஒன்று.

ஆக, அச்சமூகத்தில் திருமணம் என்பது தெய்வத்தின்முன் இட்ட முடிச்சு அன்று. உழைப்பையும் காணியையும் இணைக்கும் ஓர் ஏற்பாடு. ஏற்பாடு பயன்படவில்லையாயின் அது கலைந்தது. கலைந்தபோது பெண்ணுக்கு ஒதுங்கத் தாய்வீடும், உண்ண ஒரு பிடி நெல்லும் இருந்தன. இதனைப் பெண் விடுதலையின் பொற்காலமாக வருணிக்க நாம் வரவில்லை. சாதிக் கட்டும், பிரதானிகளின் இராசகாரிய ஊழியமும் ஆணையும் பெண்ணையும் ஒருங்கே நசுக்கின. ஆயினும் பிரியும் உரிமையை அச்சமூகம் குற்றமாகக் கருதவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

குற்றமாக்கியது எவர்? 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள் கைச்சாத்தான கண்டி ஒப்பந்தம், மக்களின் சட்டங்களும் வழமைகளும் பேணப்படும் என்று வாக்களித்தது. நாற்பத்துநான்கு ஆண்டுகளின் பின், 1859இல், 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அதன்படி பதிவு செய்யப்படாத திருமணம் திருமணமன்று. பலரோடு மணம் குற்றம். நீதிமன்றப் படியேறிக் காரணம் நாட்டினாலன்றி மணத்தை முறித்தல் இயலாது. சேர் ஹென்றி வார்ட் தேசாதிபதியாக இருந்த காலம் அது. கண்டியப் பிரதானிகள் சிலரே இத்தகைய சட்டத்தை வேண்டி மனுச் செய்தனர் என்பதை ஆங்கிலேயர் தமக்குச் சாதகமாக எடுத்துக் காட்டினர். அம்மனுக்களில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1840இல் முடிக்குரிய நிலச் சட்டம் வந்துவிட்டது. கோப்பித் தோட்டங்கள் மலைகளை விழுங்கிக்கொண்டிருந்தன. நிலம் விலைக்கு விற்கும் சரக்காகிவிட்டது. வாங்குபவனுக்கு வில்லங்கமற்ற உறுதி வேண்டும். உறுதி வில்லங்கமற்றதாக இருக்க வேண்டுமாயின், உரிமையாளன் எவன், அவனுடைய முறையான மனைவி எவள், வாரிசு எவர் என்பதற்கு ஏடு வேண்டும். வெள்ளைப் பாதிரியின் ஒழுக்கமும், தோட்டத் துரையின் காணியுறுதியும், பெருங்குடிப் பிரதானியின் மானமும் ஒரே சட்டத்துள் ஒன்றுகூடின என்று கொள்வதே பொருத்தமென்பது நம் துணிபு.

கிராமத்து மக்கள் என்ன செய்தனர்? சட்டத்தைத் திரும்பியும் பாராது முன்போலவே வாழ்ந்தனர். விளைவு விந்தையானது. பத்து ஆண்டுகள் கழிந்து, 1869இல், கண்டிப் பகுதிகளில் நிலவும் இணைப்புக்களில் மூன்றில் இரண்டு பங்கு சட்டத்துக்குப் புறம்பானவை, இடைப்பட்ட எட்டு ஒன்பது ஆண்டுகளிற் பிறந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்கினர் முறையற்ற பிள்ளைகள் என்று ஆட்சியாளர் தரப்பிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. மலைநாட்டுத் தாய்மார் பிள்ளை பெறும் முறையில் அந்தப் பத்து ஆண்டுகளில் யாதொரு மாற்றமும் நேரவில்லை. மாறியது ஏடு ஒன்றுதான். ஆயினும் ஏட்டின் மாற்றம் வெறும் எழுத்தோடு நிற்கவில்லை. முறையற்ற பிள்ளை என்று எழுதப்பட்டவன் தகப்பனின் பரம்பரைக் காணியில் உரிமை கோர முடியாதவனானான். புள்ளிவிபரத்தை வாசிக்கும் நம் மாணவர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று: மணத்தையும் பிறப்பையும் எண்ணுவதற்கு முன்னர், எது மணம், எது முறையான பிறப்பு என்று அரசு தீர்மானிக்கிறது. எண் அதன் பின்னரே பிறக்கிறது.

அரசு பின்வாங்கியது. 1870ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பதிவை விடவில்லை. ஆயின் மணமுறிவை நீதிமன்றத்திலிருந்து எடுத்துப் பதிவாளரிடம் ஒப்படைத்தது. ஒற்றுமையாக வாழ இயலாமை என்பதும் ஒரு காரணமாக ஏற்கப்பட்டது. ஓராண்டு பிரிந்திருந்தமையே அதற்குப் போதிய சான்று. 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டமும் இவ்வழியே சென்று, இருவரும் மனமொத்துப் பிரிதல் என்பதையும் தெளிவாக எழுதி வைத்தது. மேனாடுகள் பல, குற்றங் காணாத மணமுறிவு என்று 1960களின் பின்னர் பெருமையோடு இயற்றிய சட்டத்தை, மலைநாட்டுக் கமக்காரன் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தன் பிடிவாதத்தாற் பெற்றுவிட்டான். நம் சட்டக் கல்லூரிகளில் இதனை எவரும் பெருமையாகப் பேசுவதில்லை. கமக்காரன் இயற்றிய சட்டமல்லவா!

1950களில் இரு மானிடவியலாளர் இக்கிராமங்களில் தங்கி ஆராய்ந்தனர். எட்மன்ட் லீச் வடமத்திய மாகாணத்துப் புல் எலியவிலும், நூர் யல்மன் மலைநாட்டுக் கிராமமொன்றிலும் கண்டவை நொக்ஸின் சித்திரத்திலிருந்து வெகுதூரம் விலகவில்லை. ஒரு பெண் ஓர் ஆணுக்கு உலை வைத்துச் சமைக்கத் தொடங்கினால் ஊர் அவர்களைக் கணவன் மனைவி என்று கொண்டது. உலை அவிந்தால் உறவும் அவிந்தது. ஆவணமும் வழக்கும் காணி பெரிதாயிருந்த வீடுகளுக்கு உரியவை.

இனி நம் பக்கம் திரும்புவோம். யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707இல் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவராற் தொகுக்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை மூவகையாக வகுத்து அதன் வழியை நுணுக்கமாகக் கூறும் ஏடு அது. தாய் மறுமணம் செய்தால் முன்னைய மணத்துப் பிள்ளைகளின் பங்கு எவ்வாறு காக்கப்பட வேண்டும் என்பதையும் கூறுகிறது. அதாவது விதவை மறுமணத்தை அது நடைமுறையாகவே காண்கிறது. கைம்பெண் மறுமணத்தைக் கேட்டாற் காதைப் பொத்திக்கொண்ட பிற்காலத்து யாழ்ப்பாணக் கௌரவம் எத்துணைப் பழையது என்று கேட்கத் தோன்றுகிறது. பிற்காலத்தில் வந்த 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமோ, மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று நிறுத்திற்று. சீதனக் காணி அவளுடையது, கையொப்பம் அவனுடையது.

மணமுறிவைப் பொறுத்த மட்டில் யாழ்ப்பாணத்துத் தமிழருக்கும், கரையோரச் சிங்களவருக்கும், கொழும்பு நகரத்தார் பெரும்பாலோருக்கும் உரியது 1907ஆம் ஆண்டின் பொதுவான விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமே. உரோம ஒல்லாந்தச் சட்ட மரபில் வந்த அச்சட்டம் மூன்று காரணங்களை மாத்திரம் ஏற்கிறது: பிறர்மனைச் சேர்க்கை, வன்மத்தோடு கைவிட்டுச் செல்லல், மணம் நடந்த வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு போன்ற இயலாமை. கணவன் அடித்தான், குடித்தான் என்பன தனிக் காரணங்களல்ல. கைவிட்டமைக்குச் சமமாகச் சட்டத்தரணி அவற்றைத் திரித்துக் காட்ட வேண்டும். இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினாலும் ஒருவர் மற்றவரைக் குற்றவாளி என்று சத்தியஞ் செய்தல் வேண்டும். 1977இல் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் ஏழாண்டுப் பிரிவைக் காரணமாகக் காட்டும் ஒரு வழி திறக்கப்பட்டது போலத் தோன்றியது. 1980களில் உயர் நீதிமன்றம் குற்றம் நாட்டப்படுதல் வேண்டும் என்றே தீர்த்தது. முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் காதி நீதிமன்றமும் உள. அங்கே கணவன் காரணங் கூறாது விலக்கலாம், மனைவி காரணம் காட்டியாதல் வேண்டும் என்ற ஏற்றத்தாழ்வைப் பற்றித் தனியே எழுதுதல் தகும்.

இப்பொழுது நம் விவாத மன்றத்தாரின் கதையைத் தலைகீழாக நிறுத்திப் பார்க்கலாம். இந்நாட்டில் மணமுறிவுக்கு எளிய வழி இருந்தது கிராமத்தில். கடிய வழி இருந்தது கொழும்பிலும் பட்டினக் கரையிலும் யாழ்ப்பாணத்திலும். அவ்வாறாயின் பிறப்புக் குறைவு எங்கே முதலில் தோன்றியது?

பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசுமுன் பிள்ளைச் சாவைப் பற்றிப் பேசுதல் வேண்டும். பண்டைக் கிராமத்து வீடு நிறைந்த பிள்ளைகள் என்பது அரைப் படம். 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளை நோய் கேகாலை, குருநாகல் பகுதிகளைச் சூறையாடியபோது, 1935இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தும் அரிசியும் சுமந்து அக்கிராமங்களுக்குச் சென்றதும், அங்கே கண்ட காட்சிகள் அவர்களை இடதுசாரி இயக்கத்தோடு இறுகப் பிணைத்ததும் நம் வாசகர் அறிந்தவை. தாய்மாரும் பிழைக்கவில்லை, 1930களில் ஆயிரம் பிறப்புக்கு இருபது தாய்மாருக்கு மேல் பேற்றின்போது இறந்தனர். ஏழெட்டுப் பெற்று மூன்று நான்கைக் காப்பாற்றிய தாயின் துயரத்தையே நாம் இன்று வளமான குடும்பம் என்று நினைவுகூர்கிறோம்.

1940களின் இறுதியில் நிலைமை மாறிற்று. 1946இல் ஆயிரவர்க்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்குச் சரிந்தது. டீ.டீ.ரீ. தெளித்து நுளம்பை ஒழித்தமை ஒரு காரணம். கிராமத்து மருத்துவிச்சியும் ஆசுபத்திரியும் பங்கீட்டு அரிசியும் மற்றைக் காரணங்கள். குழந்தை மரணம் 1946இல் ஆயிரத்துக்கு 141, 1953இல் 71. பிள்ளைகள் பிழைத்தனர். ஒரு பெண் தன் வாழ்நாளிற் பெறும் பிள்ளைகளின் சராசரி 1953இல் ஐந்துக்குச் சற்று மேல். 1971இல் நான்குக்குச் சற்று மேல். 2000ஆம் ஆண்டளவில் இரண்டு. ஆசியாவில் பிற நாடுகள் அஞ்சியும் அச்சுறுத்தியும் சாதிக்க முயன்றதை இச்சிறு தீவு ஐம்பது ஆண்டுகளில் ஏறத்தாழச் சந்தடியின்றிக் கண்டது.

எவ்வாறு? கருத்தடைச் சாதனங்களுக்கு முன்னரே திருமண வயது உயர்ந்துவிட்டது என்பதே விடையின் முதற்பாதி. பெண்களின் சராசரித் திருமண வயது 1901இல் 18 சொச்சம், 1946இல் 20.7, 1971இல் 23.5, 1981இல் 24.4. 1963க்கும் 1971க்கும் இடைப்பட்ட பிறப்புக் குறைவில் பாதிக்கு மேல் திருமணம் தள்ளிப்போனதன் விளைவு என்று குடித்தொகை ஆய்வாளர் கணித்துள்ளனர். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் கிராமத்துச் சிறுமியின் கையிற் புத்தகத்தைக் கொடுத்தது. பத்தாம் வகுப்பு வரை பாடசாலைக்கு வந்த பெண்ணைப் பதினாறு வயதில் மணவறைக்கு அனுப்புதல் அரிது. நாம் ஆசிரியர் தொழிலில் இருப்பதால் தற்பெருமை பேசுவதாக வாசகர் எண்ணுதல் வேண்டாம். புத்தகத்தின் பங்கைக் கூறும்போதே வேலையின்மையின் பங்கையும் கூறுதல் வேண்டும். 1960களில் படித்து முடித்து உத்தியோகமின்றித் திரிந்த இளைஞன் மணஞ் செய்ய அஞ்சினான். அந்தத் தலைமுறையின் ஆத்திரம் 1971 ஏப்பிரலில் துப்பாக்கி ஏந்திற்று. யாழ்ப்பாணத்திலோ, அண்ணன்மார் சீதனம் தேடி முடிக்கும் வரை தங்கை முதிர்ந்தாள். விடுதலையாலும் திருமணம் தள்ளிப்போகும், வறுமையாலும் தள்ளிப்போகும், பேராசையாலும் தள்ளிப்போகும். புள்ளிவிபர ஏட்டில் மூன்றுக்கும் ஒரே நிரல்.

பிறப்பு முன்னதாகக் குறைந்த பகுதிகள் எவை எனில், கல்வி பரவிய தென்மேற்குக் கரையோர மாவட்டங்கள், கொழும்பு, யாழ்ப்பாணம் ஆகியவை. காடு வெட்டிக் குளங் கட்டிக் குடியேற்றம் நடந்த வடமத்திய உலர் வலயத்தில் பிறப்பு நெடுங்காலம் உயர்ந்தே நின்றது. லீச் கண்ட புல் எலியவும் அந்த வலயத்தைச் சேர்ந்ததே. ஆகவே மணத்தை எளிதில் முறிக்க வழி இருந்த இடத்தில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. முறிக்க வழி அரிதாயிருந்த இடத்தில் தொட்டில் முதலில் ஓய்ந்தது. ஒன்று மற்றையதற்குக் காரணம் என்று தலைகீழாகவும் வாதிட நாம் விரும்பவில்லை. இரண்டுக்கும் இடையே நம் மேடைப் பேச்சாளர் கட்டிய பாலம் இல்லை என்பது மட்டுமே நாம் கூறுவது. பின்னர் கிராமமும் நகரத்தை எட்டிவிட்டது. 2006-07ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார ஆய்வின்படி, நகரம், கிராமம், பெருந்தோட்டம் மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு சராசரியாக அரைப் பிள்ளைக்கும் குறைவே.

பெருந்தோட்டம் என்ற சொல்லை அவ்வளவில் விட்டுச் செல்ல மனம் வரவில்லை. நகரம், கிராமம் என்ற இரட்டைப் பிரிவுக்குள் அடங்காதவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர். லயத்தின் பத்தடி அறையில், கொழுந்துக் கூடை சுமக்கும் தாய் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலையேறுகிறாள். அவர்களது திருமணங்கள் பல தாலி கட்டி ஊர் சாட்சியாக நடந்தவை, பதிவாளரை அறியாதவை. வழக்கப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்றது உண்மையே. ஆயின் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், மணமானவர் ஏழு ஆண்டும், மணமாகாதவரும் மணம் முறிந்தவரும் பத்து ஆண்டும் இடையறாது வதிந்தமையை நிரூபிக்க வேண்டும் என்று கேட்டபோது, அந்தப் பதிவேட்டின் வெறுமை வாழ்க்கையையே விழுங்கிற்று. தாலிக்கு ஏடு காட்டு, பிள்ளைக்கு ஏடு காட்டு, தகப்பனுக்கு ஏடு காட்டு என்றனர். 1859இல் மலைநாட்டுச் சிங்களக் கமக்காரனின் பிள்ளையிடமிருந்து காணியைப் பறித்த அதே ஏடு, ஒரு நூற்றாண்டு கழியுமுன் அதே மலையிலே தமிழ்த் தொழிலாளியின் பிள்ளையிடமிருந்து நாட்டைப் பறித்தது. இவ்விரு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பகைவராகக் கருத வளர்க்கப்பட்டனர் என்பது நம் வரலாற்றின் கசப்பு.

குடும்பக் கட்டுப்பாட்டிலும் தோட்டம் தனி வழியே நடத்தப்பட்டது. 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது; 1958இல் சுவீடன் நாட்டு உதவியோடு பண்டாரகம என்ற கிராமப் பகுதியிலும் தியகம என்ற தோட்டத்திலும் பரீட்சார்த்தத் திட்டங்கள் தொடங்கின; 1965இல் அரசே பொறுப்பேற்றது. இவை நற்பணிகளே. ஆனால் 1980இலிருந்து கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணம் கொடுக்கும் முறை வந்தபோது, நாட்கூலி வாங்கும் பெண்ணுக்கு அப்பணம் எத்தகைய தெரிவை வழங்கியது? தோட்டத்தில் ஏனைய முறைகள் அருகி, மீளமுடியாத சத்திரசிகிச்சையே முதன்மை பெற்றது. 1974இல், உணவுத் தட்டுப்பாட்டின் உச்சத்தில், தோட்டத்துக் குழந்தைகள் நாட்டுச் சராசரியை விட இருமடங்குக்கு மேலான வீதத்தில் இறந்தனர் என்பதை இதனருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். கல்வியாலும் குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையாலும் பிறப்புக் குறைவது ஒன்று. கைக்காசுக்காகக் கருப்பையை அடைப்பது வேறொன்று. இவையும் ஏட்டில் ஒரே நிரலிலேயே எழுதப்படும்.

மணமுறிவு பற்றிய இன்றைய பேச்சுக்குத் திரும்புவோம். வழக்குகளின் எண்ணிக்கையைக் கண்டு குடும்பம் சிதைகிறது என்போர், வழக்கிடாது சிதைந்த குடும்பங்களை எண்ணுவதில்லை. நம் ஊர்களில் வாழாவெட்டி என்று ஒரு சொல் உண்டு. கணவனாற் கைவிடப்பட்டுப் பிறந்தகத்து மூலையில் ஒடுங்கிய பெண்ணை அது குறிக்கும். எத்துணை வாழாவெட்டிகள் எந்த நீதிமன்ற ஏட்டிலும் இடம்பெறாது மடிந்தனர்! அவர்கள் மணம் முறிந்தவர்களல்லர். ஆகவே யாழ்ப்பாணத்தில் மணமுறிவு அரிது என்று நாம் பெருமை பேசினோம். ஆணுக்கு இத்தகைய சொல் ஒன்று நம் மொழியில் ஏன் தோன்றவில்லை என்பதை மொழியியல் பயிலும் மாணவர் ஆராயலாம்.

கண்டி நகரின் மாவட்டப் பதிவாளர் அலுவலக விறாந்தையில் இரு பெண்கள் நிற்பதாகக் கொள்வோம். இருவரும் ஓராண்டாகக் கணவரைப் பிரிந்து வாழ்பவர்கள். கண்டியச் சட்டத்தின்கீழ் மணம் பதிந்தவளின் விண்ணப்பத்தைப் பதிவாளர் அங்கேயே ஏற்று விசாரிப்பார். பொதுச் சட்டத்தின்கீழ் பதிந்த மற்றவள், அவள் தமிழச்சியாக இருந்தாலும் சிங்களத்தியாக இருந்தாலும், மாவட்ட நீதிமன்றத்துக்கு வழி காட்டப்படுவாள். அங்கே சட்டத்தரணிக்குக் கட்டணம் வேண்டும், சாட்சி வேண்டும், தவணைக்கு மேல் தவணையாகப் பேருந்துச் செலவு வேண்டும்; யாவற்றுக்கும் மேலாக ஒரு குற்றம் வேண்டும். ஒரு நாட்டில், ஒரே ஊரில், ஒரே துயரத்துக்கு இரு நீதிகள். 1995இல் பொதுச் சட்டத்திலும் கண்டியச் சட்டத்திலும் திருமண வயதைப் பதினெட்டாக ஒருங்கே உயர்த்த முடிந்த சட்டசபைக்கு, மணத்தின் வாயிலை ஒப்புரவாக்கத் தெரிந்திருந்தது. வெளியேறும் வாயிலைப்பற்றி அது வாய் திறக்கவில்லை.

விவாத அரங்கின் தீர்ப்பை மாணவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். இரு பக்கத்துத் தலைவர்களையும் அழைத்து, நொக்ஸின் நூலையும் 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு அறிக்கையையும் தேடி வாசித்து வருமாறு சொல்லியிருக்கிறோம். அடுத்த தவணையில் அரங்கு மீண்டும் கூடும். தலைப்பை இம்முறை மாணவிகளே தெரிவு செய்வர்.